மைனஸ் நாற்பதில் ஒரு மச்சினி

கதவு திறந்தது.

வெள்ளைப் புகையாய்க் குளிர் வெளியே கொட்டியது.

புகை கலைந்ததும் கிடங்கின் சூப்பர்வைசர் இரண்டடி பின்னால் பாய்ந்தார்.

"ஐயோ... உள்ளே ஆள் இருக்கு!"

ஆள்தான். ஆனால் உயிர் இல்லை.

கதவோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அந்தக் குளிர்கிடங்கின் தலைமை மெக்கானிக். மீசையிலும் புருவத்திலும் உறைபனி. கதவின் உட்பக்கம் முழுக்க நகக் கீறல்கள்!

சூப்பர்வைசருக்குப் பின்னால் நின்றிருந்தவளின் வாயிலிருந்து ஒரே ஒரு சொல்தான் வந்தது.

"அத்தான்...!"

அவள் அந்தக் கிடங்கின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவள். மூட்டை தூக்குகிறவர்கள் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவள் 'சிஸ்டம்'. செத்துப்போனவர் அவளுடைய கூடப்பிறந்த அக்காவின் கணவர். மூன்று பேருக்கும் ஒரே வீடு, ஒரே சமையல்.

கடைசி ஒரு வாரமாகப் பேச்சு மட்டும் கிடையாது.

* * *

இன்ஸ்பெக்டருக்குக் குளிர் ஆகாது. கம்ப்யூட்டரும் ஆகாது. இரண்டும் சேர்ந்திருந்த இடத்துக்கு அழைத்து வந்துவிட்டார்களே என்று மனிதர் கொதித்துக்கொண்டிருந்தார்.

சிஸ்டம் அறையில் இருந்த ஒரே நல்ல நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். அது அவளுடைய நாற்காலி. அவளை நிற்கவைத்தே கேட்டார்.

"கதவைப் பூட்டினது யாரு?"

"லேப்டாப் சார்."

"லேப்டாப்புக்கு விலங்கு மாட்ட முடியாதும்மா. யாரோட லேப்டாப்?"



"என்னோடது."

"அப்படி வா வழிக்கு!"

"சார், அது வாராவாரம் நடக்கற டெஸ்ட். ஏழாம் ரூம் காலி ரூம். திங்கக்கிழமை பதினோரு மணிக்கு என் லேப்டாப் தானாவே அந்த ரூம் கதவுக் கம்ப்யூட்டருக்குள்ள லாகின் பண்ணும். கதவை மோட்டார்லயே மூடிப் பூட்டும். மைனஸ் நாப்பது வரைக்கும் இறக்கும். மூணு மணிக்குத் திறந்துவிடும். மிஷின் ஒழுங்கா குளிருதான்னு பார்க்கத்தான்..."

"உள்ளேயிருந்து திறக்க முடியாதா?"

"மத்த ரூம்ல எல்லாம் உள்பக்கம் சிவப்புக் கைப்பிடி இருக்கு. ஏழுல அது உடைஞ்சு ரொம்ப வருஷம் ஆச்சு. அதனாலதான் அந்த ரூமுக்குள்ள ஈ, எறும்புகூடப் போகாது."

"உன் அத்தான் போயிருக்காரே!"



இன்ஸ்பெக்டர் முன்னால் சாய்ந்தார்.

"போன வாரம் ஸ்டோர் வாசல்ல நின்னு அவரைப் பார்த்து என்ன கத்தினே?"

யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கிடங்கில் சுவருக்கும் காது உண்டு.

"'இதுக்கு நீங்க அனுபவிப்பீங்க'ன்னு கத்தினேன்."

"அனுபவிச்சுட்டாரு."

"சார்! அவர் ஸ்பேர் கம்ப்ரஸரைக் கழட்டி வெளியில வித்துட்டார். மருந்து வைக்கற ரூமுக்கான ஸ்பேர். ஓடிட்டு இருக்கறது நின்னுபோனா அத்தனை மருந்தும் வீண்! 'முதலாளிகிட்ட நீங்களே சொல்லிடுங்க, இல்லேன்னா நான் சொல்லிடுவேன்'னு ஒரு வாரம் டைம் கொடுத்தேன். கொல்றதா இருந்தா எதுக்கு டைம் கொடுக்கப் போறேன்?"

"ப்ளான் போடறதுக்கு!"

சொல்லிவிட்டுத் தானே ரசித்துச் சிரித்தார் இன்ஸ்பெக்டர்.

அப்போதுதான் கதவு படாரென்று திறந்தது.

அக்கா!

கழுத்தில் பேங்க் அடையாள அட்டை ஆடிக்கொண்டிருந்தது. ஒரு பெரிய பேங்கின் கம்ப்யூட்டர்களுக்குள் வெளியாள் நுழையாமல் காவல் காக்கிற ஃபயர்வால், அவள் பொறுப்பு. வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள்.

நேராகத் தங்கையிடம் போனாள்.

பளார்!

"கொன்னுட்டியேடி பாவி! ஒரே தட்டுல சோறு போட்டேனேடி உனக்கு!"

"அக்கா... நான் இல்லக்கா..."

"சார், காலையில அவர் எனக்குப் போன் பண்ணினார்! 'உன் தங்கச்சி என்னை ஏழாம் ரூமுக்குள்ள போய்க் கதவு லாட்சைப் பார்க்கச் சொல்றா'ன்னு சொன்னார். இவதான் உள்ளே அனுப்பிவெச்சா! இவதான் பூட்டினா!"

கன்னம் எரிந்தது. ஆனால் அந்த எரிச்சல் அவளுக்கு உறைக்கவில்லை. அவள் ஒரு வாரமாக அத்தானிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. லாட்சைப் பற்றிச் சொன்னதும் இல்லை.

அத்தான் பொய் சொன்னாரா? அக்கா பொய் சொல்கிறாளா?

"கிளம்பும்மா" என்றார் இன்ஸ்பெக்டர். "மிச்சத்தை ஸ்டேஷன்ல பேசிக்கலாம். அங்கே குளிராது."

வாசலில் நின்ற கான்ஸ்டபிள் விலங்கை எடுத்தார்.

அவள் விலங்கைப் பார்த்தாள். அந்த விலங்கு ஒரு தடவை கையில் ஏறினால், பிறகு யார் அந்த லேப்டாப்பைத் திறந்து பார்க்கப் போகிறார்கள்? பார்த்தாலும் யாருக்குப் புரியும்? ஆயுள் முழுக்க உள்ளே கிடக்க வேண்டியதுதான்.

"ஒரே ஒரு கேள்வி சார்!"

"கேள்வி கேட்கறது என் வேலை."

"அத்தான் இந்தக் கிடங்குல இருபது வருஷம் வேலை பார்த்தவர். ஏழுல உள்கைப்பிடி இல்லேன்னு அவருக்குத் தெரியும். திங்கக்கிழமை பதினோரு மணிக்குப் பூட்டு விழும்னு தெரியும். நான் சொன்னேன்னே வெச்சுக்கங்க. தெரிஞ்சே ஒருத்தர் எமன் வாய்க்குள்ள போய் உட்காருவாரா?"

இன்ஸ்பெக்டரின் கை மோவாய்க்குப் போனது.

"சரி... ஏன் போனாரு?"

"இன்னிக்கு அங்கே பூட்டு விழாதுன்னு அவருக்கு யாரோ உறுதியாச் சொல்லியிருக்காங்க!"

* * *

"லேப்டாப்பை நீ தொடக்கூடாது" என்றார் இன்ஸ்பெக்டர். "தொட்டா அழிச்சுடுவே."

"தொடலை சார். உங்க ஆளே தட்டட்டும். நான் சொல்றேன்."

கான்ஸ்டபிள் திகைத்தார். விரல்கள் லத்தி பிடித்துப் பழகியவை.

"சார், நானா?"

"உட்காருய்யா!"

உட்கார்ந்தார். திரையில் கறுப்பு ஜன்னல் ஒன்று. அதில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"படம், பட்டன் ஒண்ணும் இல்லையேம்மா?"

"எழுதித்தான் கேட்கணும் அண்ணே. கேட்டா பதில் சொல்லும்."

"என்ன தேடப்போறே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தூரத்துல இருக்கற மிஷினுக்குள்ள லாகின் பண்றதுக்குன்னு ஒரு செட்டிங்ஸ் ஃபைல் இருக்கு சார். அதுல ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு செல்லப்பேர் வெச்சிருப்போம். பேருக்குக் கீழே அதோட நிஜ அட்ரஸ். திங்கக்கிழமை டெஸ்டுக்கு நான் வெச்ச பேர் 'சோதனை'. 'சோதனை'ன்னா எந்த ரூம் கதவுன்னு அந்த ஃபைல்தான் சொல்லும்."

"போன்ல 'மாமியார்'னு அழுத்தினா நம்பர் தானா போற மாதிரி?"

"அதேதான்."

"நம்பரை மாத்திட்டா வேற யாருக்கோ போகும்..."

"அதைத்தான் சார் பார்க்கணும்!"

அக்கா மூக்கைச் சிந்தினாள். "சார், இவ சொல்றதை எல்லாம் கேட்டுக்கிட்டு... என் புருஷன் அங்கே விறைச்சுக் கிடக்கார்!"

கான்ஸ்டபிள் ஒற்றை விரலால் கோழி கொத்துவது போல் கொத்தினார். ஃபைல் இல்லை என்றது திரை.

"பேருக்கு முன்னாடி ஒரு புள்ளி வைங்கண்ணே. புள்ளியில ஆரம்பிக்கற பேரெல்லாம் மறைஞ்சிருக்கும்."

புள்ளி வைத்தார். ஃபைலின் மேல்பகுதி திரையில் விரிந்தது.

சோதனை. அதற்குக் கீழே முகவரி. முகவரியின் கடைசி எண்... ஏழு!

"இது எந்த ரூம்?"

அவள் திரையைத் திரும்பப் பார்த்தாள். "ஏழாம் ரூம்."

"சரியாத்தானே இருக்கு! நம்பர் மாறவே இல்லையே! உன் லேப்டாப், உன் ஃபைல், ஏழாம் ரூம். கேஸை நீயே முடிச்சுக் கொடுத்துட்டியேம்மா!"

"பார்த்தீங்களா சார்?" அக்கா சீறினாள். "நாடகம்! எல்லாம் நாடகம்!"

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதையாகிவிட்டது அவளுக்கு.

கான்ஸ்டபிள் நாற்காலியை விட்டு எழுந்தார், பெரிய நிம்மதியோடு.

"அண்ணே, ஒரு நிமிஷம்! அந்த ஃபைலைக் கடைசியா எப்ப மாத்தினதுன்னு மட்டும் கேளுங்க!"

இன்ஸ்பெக்டர் தலையசைத்தார். கொத்தல். பதில்.

நேற்று சாயங்காலம்!

"நான் அதை மாத்தி மாசக்கணக்காச்சு சார்! மேல்பக்கம் பார்த்தது போதாது. முழுசாத் தேடணும். க்ரெப்னு ஒரு கட்டளை இருக்கு. ஒரு வார்த்தையைக் கொடுத்தா, அது எந்தெந்த வரியில இருக்குன்னு பொறுக்கி எடுத்துக் காட்டும். வரி நம்பரோட!"

அவள் எழுத்தெழுத்தாய்ச் சொன்னாள். கான்ஸ்டபிள் எழுத்தெழுத்தாய்க் கொத்தினார். இரண்டு தடவை தப்பாகக் கொத்தித் திட்டு வாங்கினார்.

மூன்றாவது தடவை திரை பதில் சொன்னது.

சோதனை... நாலாம் வரி.

சோதனை... நானூற்றுப் பன்னிரண்டாம் வரி!

"ரெண்டா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"என் ஃபைலே அறுபது வரிதான் சார்!" அவள் கிட்டத்தட்டக் கத்தினாள். "யாரோ எண்டர் தட்டித் தட்டி வெத்து வரியா விட்டு, என் கண்ணுல படாத ஆழத்துல இன்னொரு 'சோதனை'யை எழுதியிருக்காங்க! அதுக்குக் கீழே என்ன அட்ரஸ்னு பாருங்கண்ணே!"

கான்ஸ்டபிள் பார்த்தார். படித்தார்.

"கடைசி நம்பர்... மூணு."

"மூணாம் ரூம்ல என்ன இருக்கு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அக்காவின் அழுகைச் சத்தம் எப்போது நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை.

"திங்கக்கிழமை மூணாம் ரூமைக் காலி பண்ணுவாங்க சார். பதினோரு மணிக்கு உள்ளே ஒரே ஒரு ஆள் சென்சார் துடைச்சிட்டு இருக்கும்."

"யாரு?"

"நான்."

* * *

இன்ஸ்பெக்டர் லேசில் மசிகிற ஆள் இல்லை.

"நீயே எழுதிவெச்சிருக்கலாம். என்னைக் கொல்லப் பார்த்தாங்கன்னு கதை விடறதுக்கு. மூணுலதான் உள்பக்கம் கைப்பிடி இருக்கே? பூட்டினா திறந்துட்டு வரவேண்டியதுதானே?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது.

கான்ஸ்டபிள் மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

"சார்... செத்தவர் பாக்கெட்ல இருந்ததை எடுத்துவெச்சோமே. போன், அது உள்ளே சிக்னலே எடுக்காதாம்... ஸ்க்ரூ டிரைவர்... அப்புறம் ஒரு சிவப்புக் கைப்பிடி."

"அது ஏழாம் ரூமோடதுய்யா."

"ஏழுல அது உடைஞ்சு ரொம்ப வருஷம்னு இந்தப் பொண்ணு சொல்லுதே சார். இது புத்தம் புதுசா பளபளன்னு இருக்கு."

இன்ஸ்பெக்டர் துள்ளி எழுந்தார்.

மூன்றாம் அறை, நடைபாதையின் மறுகோடி. கனமான கதவு சுவரோடு ஒட்டித் திறந்து கிடந்தது. இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் பிடித்துக் கதவை இழுத்தார். உட்பக்கம் தெரிந்தது.

கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் நாலு ஓட்டைகள். ஓட்டையைச் சுற்றிப் புதுச் சுரண்டல்!

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். காலையில் அரை மணி நேரம் அதே அறைக்குள் நின்று பாட்டு முனகிக்கொண்டே சென்சார் துடைத்திருக்கிறாள்! கதவு சுவரோடு ஒட்டியிருந்ததால் உட்பக்கம் கண்ணில் படவே இல்லை. இந்தக் கதவுக்குத்தான் பூட்டு வர வேண்டியிருந்தது. இதன் மேல்தான் தன் நகங்கள் கிழிய வேண்டியிருந்தது.

"இப்பப் புரியுது சார். கைப்பிடியைக் கழட்டினது அத்தான். இன்னிக்குப் பூட்டு ஏழுக்கு வராது, மூணுக்குத்தான் போகும்னு நம்பியிருக்கார். ஏழுக்கு எதிர்ல நடைபாதை கேமரா இருக்கு. அவர் உள்ளே போறதும் வர்றதும் அதுல பதியும். 'நான் ஏழுக்குள்ள லாட்ச் பார்த்துட்டு இருந்தேன், அவ கத்தினது காதுல விழலை, ஃபைல்ல அவளே தப்பா எழுதித் தொலைச்சிருக்கா'ன்னு சொல்லி, கைப்பிடியை மறுபடி மாட்டிட்டுத் தப்பிச்சிருப்பார்."

"வெட்டின குழியில தானே விழுந்துட்டாரா!"

"குழி அவரோடது இல்ல சார். அவருக்கு மவுஸைப் பிடிக்கவே வராது. நேத்து லேப்டாப் வீட்டுலதான் கிடந்தது. ஃபைல்ல எழுதினது வேற ஆள்."

பின்னால் நின்றிருந்த அக்கா முன்னால் வந்தாள். குரல் மாறியிருந்தது.

"அவரே எழுதியிருப்பார் சார். கத்துக்கிட்டிருப்பார். எனக்கு என்ன தெரியும்? கட்டின புருஷன் இப்படின்னு நான் கனவா கண்டேன்?"

கால் மணி நேரத்துக்கு முன்னால் இதே வாய்தான் அவருக்காக ஒப்பாரி வைத்தது!

தங்கை அவளையே பார்த்தாள். சின்ன வயசிலிருந்து பார்த்த முகம். அதில் இப்போது துக்கம் இல்லை, கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன.

"வாக்கா. ஒரு தடவை லேப்டாப்பைப் பார்த்துடலாம்."

* * *

"எனக்கு ஒரு சந்தேகம்" என்றார் இன்ஸ்பெக்டர், நாற்காலியில் விழுந்தபடி. "ரெண்டு 'சோதனை' இருக்கு. ரெண்டு அட்ரஸ். ஏன் ஏழுக்கே போச்சு?"

"இந்த ஃபைலோட சட்டம் அது சார். ஒரே பேர் ரெண்டு தடவை வந்தா முதல்ல வர்றதுதான் செல்லும். அப்புறம் எத்தனை எழுதினாலும் சீந்தாது."

"பொய்!"

கத்தியது அக்கா.

"பொய் சார்! எந்த உலகத்துல முதல் வரி செல்லும்? கடைசியா எழுதறதுதான் செல்லும்! மேலே என்ன இருந்தாலும் கீழே இருக்கறது அதை அடிச்சுடும்!"

"உங்க பேங்க் ஃபயர்வால்லக்கா" என்றாள் தங்கை. "அதுல கடைசி ரூல்தான் ஜெயிக்கும். பத்து வருஷமா அதையே பண்ணிப் பண்ணி உன் கை பழகிப்போச்சு. இந்தக் கிடங்குல யாரு எழுதியிருந்தாலும் மேலேதான் எழுதியிருப்பாங்க."

"உளறாதடி!"

"உளறலை. அண்ணே, இன்னொரு கட்டளை இருக்கு. 'போகாதே, போனா எங்கே போவேன்னு மட்டும் சொல்லு'ன்னு கேட்கறது. கேளுங்க."

கான்ஸ்டபிள் கொத்தினார். இந்தத் தடவை தப்பே வரவில்லை.

திரை சொன்னது.

ஏழு.

அக்கா வெறித்தாள்.

அடுத்த கணம் கான்ஸ்டபிளை நாற்காலியோடு தள்ளிவிட்டு, கீபோர்டின் மேல் பாய்ந்தாள். பத்து விரல்களும் பறந்தன. அதே கட்டளை.

ஏழு.

மறுபடி அடித்தாள்.

ஏழு.

"இல்ல... இல்ல...! மூணு! நான் மூணுன்னுதானே எழுதினேன்...!"

அறையே உறைந்தது. மைனஸ் நாற்பது தேவைப்படவில்லை.

இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளைப் பார்த்தார். கான்ஸ்டபிள் தரையில் உட்கார்ந்தபடியே பேனாவை எடுத்தார்.

"எழுதிக்கய்யா. வார்த்தைக்கு வார்த்தை."

அக்காவின் கைகள் கீபோர்டின் மேலேயே கிடந்தன.

"ஒரு தடவை சரிபார்த்திருக்கலாமேக்கா" என்றாள் தங்கை. "என்னைக் கொல்றதுலகூட அவ்வளவு அவசரமா?"

"லாகின் பண்ணிப் பார்த்தா அந்த மிஷினோட பதிவுல விழும்னு பயந்தேன்டி..." அக்கா முனகினாள். பிறகு விருட்டென்று திரும்பினாள். கண்ணில் நெருப்பு. "என்ன தப்பு? என் புருஷனை ஜெயிலுக்கு அனுப்புவேன்னு நின்னே! ஒரு இரும்பு மிஷினுக்காக! நீ பெரிய நியாயஸ்தி! நான் கைகட்டிப் பார்த்துட்டு நிக்கணுமா? 'இன்னிக்குப் பூட்டு ஏழுக்கு வராது, தைரியமா உள்ளே போங்க'ன்னு நான்தான்டி அவரை அனுப்பினேன்... நானே அனுப்பினேன்..."

நெருப்பு அணைந்தது. இந்தத் தடவை அவள் அழுத அழுகை நிஜம்.

தங்கைக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொண்டு அழவும் வேண்டும் போலிருந்தது. இரண்டும் செய்யாமல் நின்றாள்.

"மேலே இருந்த அட்ரஸையே மாத்தித் தொலைச்சிருக்கலாமே?" என்றார் இன்ஸ்பெக்டர், தொழில் அக்கறையோடு.

"டெஸ்டுக்கு முன்னாடி காலையில மேல்பக்கத்தை மட்டும் ஒரு பார்வை பார்ப்பேன், என் கண்ணுல பட்டுடும் சார்" என்றாள் தங்கை. "அக்காவுக்கு அது தெரியும்."

"ம்! அதிபுத்திசாலி." இன்ஸ்பெக்டர் அவள் பக்கம் திரும்பினார். "நீ போகலாம்மா. ஆனா ஊரை விட்டுப் போகக்கூடாது. கம்ப்ரஸர் வித்ததை ஒரு வாரம் மூடிவெச்சியே, அதுக்குத் தனியா ஒரு நாள் வெச்சுக்கறேன்."

மன்னிப்புக் கேட்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

விலங்கு மாட்டப்பட்டது. வேறு கையில்.

வாசல்வரை போன அக்கா சட்டென்று நின்றாள். கண்ணைத் துடைத்தாள். அழுகை போய் முகத்தில் மறுபடியும் கணக்கு!

"சார், நான் சொன்னதெல்லாம் துக்கத்துல உளறினது. எல்லாம் அவர் போட்ட திட்டம். அவர்தான் மிரட்டி என்னை எழுதவெச்சார். கடைசியா இதைத்தான் சொல்றேன், இதையே எழுதிக்கங்க!"

இன்ஸ்பெக்டர் அவளுக்காக ஜீப்பின் கதவைத் திறந்துவிட்டார். அன்றைக்கு முதல் முறையாக அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது.

"கடைசியா எழுதறது செல்லாதாமேம்மா... முதல்ல வந்ததுதான் செல்லுமாம்!"